எண்ணிறந்த: இந்தச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேசுவரத்தில் ஆடி அமாவாசை அன்று அன்னதானம் செய்கிற ஒரு குழுவினர், சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு நோட்டீஸ் எழுதித் தரச் சொன்னார்கள். "எண்ணிறந்த பக்தர்கள் கூடும் நன்னாளில்" என்று தொடங்கி எழுதிக் கொடுத்தேன். மறுநாளே அச்சகத்திலிருந்து போன். "சார், பக்தர்கள் இறந்துட்டாங்கன்னு வருதே, மாத்திரலாமா?" சரி, மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவன் நான். அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் இந்தச் சொல்லையும் இதன் உறவுச் சொற்களையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எண்ணிறந்த என்றால் என்ன பொருள்?

எண்ணிக்கையைத் தாண்டிய, எண்ணி முடிக்க முடியாத என்று பொருள். எண், இறந்த என்று பிரிக்க வேண்டும். எண் என்பது எண்ணிக்கை. இறந்த என்பதற்கு இங்கே கடந்த என்று அர்த்தம். எண்ணை இறந்த, அதாவது எண்ணைக் கடந்த. இடையில் இருக்க வேண்டிய 'ஐ' மறைந்து நிற்கிறது.

இறந்த என்றால் செத்துப்போன என்றுதானே அர்த்தம்?

இன்றைய பேச்சில் அப்படித்தான். அதனால்தான் அச்சகத்துத் தம்பி தடுமாறினார், அவர்மேல் தவறில்லை. ஆனால் இற என்ற வினைக்குப் பழைய தமிழில் கடத்தல், தாண்டிப் போதல், வரம்பு மீறுதல் ஆகிய பொருள்கள் தாராளமாக வழங்கின.

சங்கப் பாடல்களில் தலைவன் 'சுரம் இறந்தான்' என்று வரும். பதற வேண்டாம். அவன் பாலை நிலத்தைக் கடந்து பொருள் தேடப் போயிருக்கிறான், திரும்பி வருவான். அவன் வரும் வழியைப் பார்த்துத் தலைவி வீட்டில் காத்திருக்கிறாள். கடலுக்குப் போன படகுக்காகக் கரையில் நிற்கிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு நன்றாகவே புரியும்.

திருக்குறளில் இன்னும் தெளிவாக இருக்கிறது. 'பொறுத்தல் இறப்பினை என்றும்' என்ற குறளில் (152) இறப்பு என்பது பிறர் வரம்பு மீறிச் செய்த தவறு. சாவைப் பொறுத்துக்கொள் என்று படித்தால் குறளே குழம்பிவிடும். 'இறந்த வெகுளியின் தீதே' (531) என்ற இடத்தில் இறந்த வெகுளி என்றால் அளவு கடந்த கோபம். எனக்கு மிகவும் பிடித்தது 310வது குறள். 'இறந்தார் இறந்தார் அனையர் சினத்தைத் துறந்தார் துறந்தார் துணை.' முதல் இறந்தார், கோபத்தில் எல்லை கடந்தவர். இரண்டாவது இறந்தார், செத்தவர். கோபத்தில் எல்லை கடந்தவர் உயிரோடு இருந்தாலும் செத்தவரைப் போன்றவர் என்கிறார் வள்ளுவர். ஒரே சொல்லை அடுத்தடுத்து வைத்து இரண்டு பொருளையும் கையில் கொடுத்துவிட்டார். இந்த ஒரு குறளைப் பாடம் செய்துகொண்டால் எண்ணிறந்த என்ற சொல் பிறகு யாரையும் பயமுறுத்தாது.

இலக்கியம் வேண்டாம் என்றால் பள்ளி இலக்கணத்தைப் பாருங்கள். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று ஒப்பிக்கிறோமே, அந்த இறந்தகாலம் கடந்துபோன காலம்தான்.

அப்படியானால் சாவுக்கு அந்தச் சொல் எப்படி வந்தது?

சாவை நேராகச் சொல்ல நாம் என்றுமே தயங்குவோம். காலமானார், தவறிவிட்டார், போய்ச் சேர்ந்தார் என்று இன்று சொல்வதுபோல, இந்த உலகத்தைக் கடந்து போனார் என்ற பொருளில் இறந்தார் என்றார்கள். மரியாதைக்காகச் சொன்ன சொல்லே நாளடைவில் சாவுக்குரிய நேர்ச்சொல்லாகிவிட்டது. பழைய பொருள் பின்னுக்குப் போய் எண்ணிறந்த, அளவிறந்த, வரம்பிறந்த போன்ற சில கூட்டுச் சொற்களுக்குள் ஒதுங்கிக்கொண்டது.

இங்கே இன்னொரு குறளையும் சொல்ல வேண்டும். துறந்தவரின் பெருமையை அளவிட்டுச் சொல்வது, உலகத்தில் இதுவரை 'இறந்தாரை எண்ணிக்கொண் டற்று' என்று முடியும் 22வது குறள். எண்ண முடியாததற்கு ஓர் உதாரணம் தேடிய வள்ளுவருக்கு, கடல் மணலையும் வானத்து மீனையும் விட்டுவிட்டு, செத்தவர்களின் தொகைதான் நினைவுக்கு வந்திருக்கிறது. அக்னி தீர்த்தக் கரையில் அமாவாசைக் காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு சரியானது என்று தெரியும். எள்ளும் தண்ணீரும் விடும்போது தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்கிறார்கள். மூன்றாவது பெயருக்கே பலர் அண்ணன் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். அதற்கு அப்பால் இருக்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்களும் நம்மைச் சேர்ந்தவர்கள்தான், ஆனால் நம்மிடம் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை.

அப்போது அந்த நோட்டீஸில் எண்ணிறந்த என்று போட்டது சரியா, தவறா?

சொல் சரி. இடம் தவறு. இப்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அம்மா அப்பாவை இழந்தவர்கள் திதி கொடுக்க வருகிற நாளில், ஊருக்குப் புதிதாக வருகிற ஒருவர் பேருந்து நிலையச் சுவரில் அந்த வரியைப் பார்த்தால், ஒரு நிமிடம் அவர் மனம் எங்கே போகும்? நோட்டீஸைப் படிக்கிறவருக்கு நான் பக்கத்தில் நின்று இற என்ற வினையின் வரலாற்றைச் சொல்ல முடியாது. 'திரளான பக்தர்கள்' என்று போட்டால் போதும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, வீடு குடிபுகுதல் ஆகியவற்றிலும் இந்தச் சொல்லைத் தவிர்ப்பேன். கட்டுரை, மேடைப் பேச்சு, கதை, கவிதை இவற்றில் தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறை இதை அச்சுப்பிழை என்றே நினைக்கும்.

எண்ணிறந்த, எண்ணற்ற, எண்ணில்லாத, எண்ணிலடங்காத எல்லாம் ஒன்றுதானா?

அகராதியில் ஒன்றுதான். காதில் ஒன்றில்லை. எண்ணற்ற என்றால் எண் அங்கே இல்லை, அறுந்துவிட்டது. எண்ணில்லாத என்பதும் கிட்டத்தட்ட அதே. எண்ணிலடங்காத என்றால் எண் என்ற பாத்திரத்துக்குள் அது கொள்ளவில்லை, வழிகிறது. எண்ணிறந்த என்றால் எண்ணிக்கொண்டே போனோம், ஓர் இடத்தில் எண் நின்றுவிட்டது, பொருள் மட்டும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தச் சொல்லுக்குள் ஒரு நடை இருக்கிறது, மற்றவற்றில் அது இல்லை. அதனால்தான் சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் 'எண்ணிறந்து எல்லை இலாதானே' என்று பாடும்போது அந்த வரி நம்மையும் இழுத்துக்கொண்டு போகிறது. எண் என்பதற்கு எண்ணம் என்ற பொருளும் உண்டு. ஆகவே எண்ணிக்கையைக் கடந்தவன், நினைப்பைக் கடந்தவன் என்று இரண்டு விதமாகவும் அந்த இடம் பேசும். நம் உத்தரகோசமங்கையை அவர் பெயர் சொல்லி விடாமல் பாடியவர் என்பதால், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லைக் காட்டியே இதை விளக்குவது என் வழக்கம்.

அன்றாடக் கட்டுரைக்கு எண்ணற்ற போதும். நடை தெரிய வேண்டிய இடத்தில் எண்ணிறந்த.

அளவற்ற, அளவில்லாத என்பதற்குப் பதிலாக எண்ணிறந்த போடலாமா?

கூடாது. மாணவர்கள் அதிகம் தவறுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பொருளை ஒவ்வொன்றாக எண்ண முடியுமா, மொத்தமாக அளக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வல்லம், வத்தை, விசைப்படகு, நட்சத்திரம், ஆள், கதை, நாள் எல்லாம் எண்ணக் கூடியவை. அவை பெருகினால் எண்ணிறந்த, எண்ணற்ற. தண்ணீர், அன்பு, பசி, மகிழ்ச்சி, துயரம், உப்பு எல்லாம் அளக்கக் கூடியவை. அவை பெருகினால் அளவிறந்த, அளவற்ற. 'எண்ணிறந்த அன்பு' என்று ஒரு பிள்ளை எழுதினாள். அன்பை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டோம் அல்லவா, அளவிறந்த அன்பு என்று எழுது என்றேன்.

கரையில் இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும், பெயர் வைக்காமல் தெரியும். சங்கு குளிக்கிறவர் சங்கை எண்ணித்தான் கொடுப்பார். அதே கரையில் இறங்குகிற காரலையும் சாளையையும் யாரும் எண்ணுவதில்லை. கூடை கணக்கு, கிலோ கணக்கு, இல்லாவிட்டால் கூறு போட்டு விற்பது. மீன் என்ற ஒரே பொருள் பெரிய மீனானால் எண்ணிக்கைக்கும், பொடி மீனானால் அளவுக்கும் போய்விடுகிறது. கடலின் ஆழத்தைப் பாகம் என்று அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். வடகடலில், அதாவது பாக்கு நீரிணைப் பக்கம், ஆழம் குறைவு. அங்கே எத்தனை பாகம் என்று கேட்டால் பழகியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். தென்கடலில் மன்னார் வளைகுடாவுக்குள் போகப் போகச் சரிந்துகொண்டே இறங்கும்.

சரி, மணல்? அது எண்ணக் கூடியதா, அளக்கக் கூடியதா? லாரியில் ஏற்றும்போது அளவு. ஆனால் பழைய புலவர் எண்ணியிருக்கிறார். பஃறுளி ஆற்று 'மணலினும் பல' ஆண்டுகள் வாழ்க என்று புறநானூற்றில் (9) ஓர் அரசனை வாழ்த்துகிறார் நெட்டிமையார். பெரிது என்று சொல்லவில்லை, பல என்கிறார். ஒவ்வொரு மணலும் ஓர் ஆண்டு. ஆகவே மணல் துகளை நினைத்தால் எண்ணிறந்த, மணல் மேட்டை நினைத்தால் அளவிறந்த. இரண்டுமே சரி. மனதில் எதை வைத்து எழுதுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

'அளவற்ற அருளாளன்' என்று சொல்கிறோமே, அதை எண்ணற்ற என்று சொல்லலாமா?

கீழக்கரைப் பிள்ளை ஒருவன் கேட்டது இது. பிஸ்மில்லாவைத் தமிழில் 'அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய' என்று சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அந்தத் தமிழைச் செய்தவர்கள் சொல்லைத் தேர்ந்த விதத்தைப் பார்த்து வியக்கிறேன். அருள் அளவுக்குரியது, ஆகவே அளவற்ற. எண்ணற்ற அருளாளன் என்றால் அருளாளர்கள் பலர் என்று பொருள் திரும்பி, சொல்ல வந்ததற்கே நேர் எதிராகிவிடும். அடுத்து அன்புக்கு நிகரற்ற. அளவற்ற என்று அதையே இன்னொரு தடவை சொல்லாமல், ஒப்பிட ஆள் இல்லை என்று அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். எண், அளவு, நிகர் மூன்றும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. 'வாப்பா தினமும் சொல்றதுதான் சார், இன்னைக்குத்தான் கவனிச்சேன்' என்றான் அந்தப் பையன்.

கீழக்கரை என்றதும் வள்ளல் சீதக்காதி நினைவு வராமல் இருக்காது. அவருடைய கொடையை அளவிறந்த கொடை என்று எழுதலாம். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று ஊர் சொல்வதை நினைத்தால், அந்த ஒரு கொடைக்கு இற என்ற வினையின் இரண்டு பொருளும் பொருந்திவிடுகின்றன.

அளப்பரிய சரியா, அளப்பறிய சரியா?

அளப்பரிய. அளப்பதற்கு அரிய, அதாவது அளக்கக் கடினமான. அரிய என்பதற்கு இடையின ரகரம். வல்லின றகரம் போட்டால் அறிதல் என்று பொருள் மாறிவிடும்.

இந்தச் சொல் முழுதாக முடியாது என்று கதவைச் சாத்துவதில்லை. அரிது என்றுதான் சொல்கிறது. குறுந்தொகையின் 3வது பாட்டில் தலைவி தன் காதலை நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, 'நீரினும் ஆரளவின்று' என்கிறாள். ஆர் அளவு என்றால் அரிய அளவு. கடல் ஆழத்தைவிட அளக்க அரியது அவள் நட்பு. இந்தப் பாட்டை எழுதிய தேவகுலத்தார் ஆழத்துக்கு மட்டும் அளத்தல் என்ற சொல்லை வைத்ததைக் கவனியுங்கள். நிலத்தையும் வானையும் கண்ணால் பார்க்கலாம். தண்ணீருக்குள் கயிறு விட்டுத்தான் அளக்க வேண்டும்.

பேச்சில் 'அவன் சும்மா அளக்கிறான்' என்றால் இல்லாததைப் பெரிதாகச் சொல்கிறான் என்று பொருள். ஆகவே ஒருவரைப் புகழும்போது 'அவர் அளப்பு' என்று எங்கும் நிறுத்திவிடாதீர்கள்.

எண்ணிறைந்த, எண்ணிரந்த என்றெல்லாம் பார்க்கிறேனே?

இரண்டும் பிழை. எண் நிறைந்த என்றால் எண்கள் நிரம்பிய என்று வரும், கணக்கு நோட்டைச் சொல்லலாம். இரந்த என்றால் பிச்சை கேட்ட. இறந்த என்று வல்லின றகரம்தான். இரண்டு ணகரம் வருவதற்குக் காரணம், தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற நன்னூல் விதி. எண் என்பதோடு இறந்த சேரும்போது எண்ணிறந்த. கண் என்பதோடு இமை சேர்ந்து கண்ணிமை ஆவது போல.

அடுத்து வரும் சொல்லில் ஒற்று மிகுமா?

எண்ணிறந்த படகுகள், எண்ணற்ற கதைகள், அளவற்ற துயரம். இவற்றில் மிகாது. 'எண்ணிறந்தப் படகுகள்' என்று எழுதுவது பிழை. ஆனால் கடைசி எழுத்து கெட்டு நிற்கும் எதிர்மறைப் பெயரெச்சங்களில் மிகும். எண்ணிலாத் துன்பம், அளவிலாப் பெருமை, எண்ணிலடங்காக் கூட்டம். அதையே எண்ணிலடங்காத கூட்டம் என்று முழுதாக எழுதிவிட்டால் ஒற்று போய்விடும். இந்த விதியை மறந்துவிடுகிறவர்கள் எப்போதும் முழு வடிவத்தையே எழுதிவிடுங்கள், தப்பித்துக்கொள்ளலாம்.

எண்ணிறந்த என்பதற்குப் பின் பன்மை கட்டாயமா?

கள் விகுதி கட்டாயமில்லை. எண்ணிறந்த மீன் துள்ளின என்றாலும் சரி. ஆனால் வினைமுற்று பன்மையாக இருக்கட்டும். ஆட்களைச் சொல்ல எண்ணிறந்தோர், எண்ணற்றோர் என்ற வடிவங்கள் உண்டு. முதலாவதை நான் மேடையில் சொல்ல மாட்டேன், காரணம் மேலே இருக்கிறது.

எந்த இடத்தில் இந்தச் சொல்லை எழுதக் கூடாது?

எண் தெரிந்த இடத்தில் எழுதவே கூடாது. இதை வகுப்பில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ராமநாதசுவாமி கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் 'எண்ணற்ற தீர்த்தங்கள், எண்ணிறந்த தூண்கள்' என்று எழுதுகிறார்கள். கோயிலுக்குள் தீர்த்தங்கள் 22. வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு வரிசையில் போனவனுக்கு அது மறக்குமா? மூன்றாம் பிரகாரத்துத் தூண்கள் 1212 என்று சொல்வார்கள். இந்த எண்ணே வாசகரைத் திகைக்க வைக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்? 'மன்னார் வளைகுடாவின் எண்ணற்ற தீவுகள்' என்றும் எழுதுகிறார்கள். தீவுகள் 21. மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. அதிலும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. எண்ணற்ற என்று எழுதிவிட்டால் இரண்டு தீவு போனது யாருக்கு உறைக்கும்? 21 என்று எழுதியவனுக்குத்தான் இப்போது 19தான் தலை காட்டுகின்றன என்ற வருத்தம் வரும்.

கம்பரைப் பாருங்கள். கடவுளின் படைத்தல், காத்தல், அழித்தலைச் சொல்லும்போது முதல் பாட்டிலேயே 'அலகிலா விளையாட்டு' என்றார். அலகு என்றாலும் அளவுதான், அலகில்லாதது அளவில்லாதது. ஆனால் சேது கட்ட வந்த வானர சேனையைச் சொல்லும்போது எண்ணிறந்த என்று சும்மா விடவில்லை, எழுபது வெள்ளம் என்று கணக்குக் கொடுக்கிறார். வெள்ளம் என்பது தமிழில் ஒரு பேரெண்ணின் பெயர். கண்ணுக்கு எட்டாத கூட்டத்துக்கும் ஓர் எண் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது.

வெள்ளம் மாதிரி வேறு பேரெண்கள் உண்டா?

உண்டு, அழகான பெயர்கள். பரிபாடலின் 2வது பாட்டில் ஊழிக் காலங்களைக் குறிக்க நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று வரிசையாக வருகின்றன. எல்லாம் தண்ணீரில் இருக்கும் பொருள்கள், கூடவே தண்ணீரும். நம் கரையில் எண்ணி விற்கிற சங்கே ஒரு காலத்தில் எண்ணின் பெயராக இருந்தது என்பதைச் சங்கு குளிக்கிற ஒரு பெரியவரிடம் சொன்னேன். வெகுநேரம் கையிலிருந்த சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1964 புயலில் எண்ணிறந்தோர் மாண்டனர் என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். தயவுசெய்து எழுத வேண்டாம்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அந்த ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையே ஆளுக்கொரு கணக்காகச் சொல்வார்கள். ஆனால் தெரியாத எண் வேறு, கடந்த எண் வேறு. எண்ணிறந்த என்றால் எண்ணவே முடியாத பெருக்கம். அங்கே போனவர்கள் எண்ண முடியாதவர்கள் அல்லர், எண்ணப்படாதவர்கள். டிக்கெட் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள், கரைக் குடிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருந்தது. இன்றும் ராமேசுவரத்தில் டிசம்பர் 22 என்றால் தாத்தாவையோ பெரியத்தாவையோ சொல்லிக் கண் கலங்குகிற வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்காரருக்கு அது ஒன்று. ஒன்று என்றால் ஒன்றுதான். 'உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதுங்கள். வாக்கியம் மொட்டையாக இருந்தால் இருக்கட்டும்.

பேச்சில் இந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லையே?

சொல்வதில்லைதான். கரையில் மீன்பாடு நன்றாக இருந்தால் 'கொள்ளையா பட்டிருக்கு', 'கணக்கே இல்ல', 'எக்கச்சக்கம்' என்பார்கள். அவற்றைப் பேச்சு எழுதும்போது அப்படியே எழுதுங்கள். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். வகைதொகை இல்லாமல் என்பதில் ஒரு கண்டிப்பு ஒளிந்திருக்கிறது. வகைதொகை இல்லாமல் செலவழித்தான் என்றால் புகழ்ச்சியில்லை. அப்புறம், கணக்கில்லாத பணம் என்று எழுதினால் ஏராளமான பணமா, கணக்கில் காட்டாத பணமா என்ற சந்தேகம் வரும். ஏராளமான பணம் என்றே எழுதிவிடலாம்.

மட்டற்ற மகிழ்ச்சி என்கிறோமே, அது?

மட்டு என்றாலும் அளவுதான். மகிழ்ச்சியோடு ஒட்டிப் பழகிவிட்ட சொல். வாழ்த்து மடலுக்குப் பொருத்தம்.

முடிவிலி என்பதும் எண்ணிறந்த என்பதும் ஒன்றா?

இல்லை. முடிவிலி கணக்குப் பாடத்துச் சொல், அதற்கு உண்மையிலேயே முடிவு கிடையாது. அரிச்சல்முனை மணல் துகள்கள் எண்ணிறந்தவை, ஆனால் முடிவுள்ளவை. யாராவது பொறுமையாக எண்ணினால் ஒரு நாள் முடிந்துவிடும், எண்ணத்தான் ஆள் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

கூட்டிக்கொண்டு போய் எண்ண விடுங்கள். நான் ஒரு தடவை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வடகடல் கரைக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் வற்றிய நேரம், ஈர மணல் முழுக்க நண்டு வளைகள். எண்ணச் சொன்னேன். ஆளுக்கொரு பக்கம் கோடு கிழித்து எண்ணினார்கள். எண்ணிய வளைக்குள்ளிருந்து நண்டு ஓடி இன்னொரு வளைக்குள் போனது, எண்ணாத இடத்தில் புதிதாக மண் தள்ளி ஒரு வளை திறந்தது. 400 தாண்டியதும் இரண்டு பேருக்குச் சண்டை, நீ எண்ணியதையே எண்ணுகிறாய் என்று. 600 பக்கம் போனபோது அலை ஏறி வந்து பாதிக் கோட்டை அழித்துவிட்டது. ஒரு சின்னப் பெண் மட்டும் விடாமல் முழங்கால் தண்ணீரில் நின்று விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை என்று கேட்டேன். "எண் முடிஞ்சிருச்சு சார், நண்டு இன்னும் போகுது" என்றாள்.